நாவலில் செத்துப்போன அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நேற்று நம் ஊர் நூலகத்தில் என் நாவலை வாசித்தபோது, கடைசி வரிசையில் உன்னைப் பார்த்தேன். இத்தனை வருடம் நாம் ஏன் பேசவில்லை என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

நான் வாசித்தது அக்கா சாகும் பக்கம். உன் பக்கத்தில் இருந்த அம்மாள், "எழுத்தாளரோட அக்கா நிஜமாவே செத்துட்டாங்களாமே, பாவம்" என்றாராம். நீயும் முகம் மாறாமல், "ஆமாங்க, தங்கமான பொம்பளை" என்றாயாம். நூலகர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

என் தொண்டை கட்டியதும் மேசைக்கு வெந்நீர் வந்ததே, நன்றி அக்கா. பச்சைத்தண்ணீர் எனக்கு ஆகாதென்று தெரிந்தவள் அங்கே நீ ஒருத்திதான்.

அடுத்த பதிப்பில் அக்கா பிழைத்துக்கொள்வாள். கதை கெட்டுவிடும் என்கிறார் பதிப்பாளர். கெட்டால் கெடட்டும்.

நாளைக் காலை வருகிறேன். கதவைத் திற, தங்கமான பொம்பளை.

உன்
ஓட்டைவாய்த் தங்கை