விரிசலின் மேல் வைத்த கண்ணாடி

உங்கள் மறைவுச் செய்தியை எழுத உட்கார்ந்து, பேனாவுக்காக மேசை இழுப்பறையைத் துழாவியபோது அந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளும் விரலைக் கீறின. ஓரத்தில் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருக்கிறது.

டெல்லியில் பெரிய கட்டடங்கள் எழுப்பி நாடறிந்த பொறியாளரான பிறகும், சொந்த மாவட்டம் என்பதால், கீரமங்கலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடம் கட்ட ஒப்புக்கொண்டீர்கள். இடம் பார்க்க நீங்கள் வந்த நாளில், செய்தி சேகரிக்க வந்த என்னை ஊர்த்தலைவர் ஓரமாக அழைத்தார்.

“இது ஊருணியத் தூத்த எடம்னு அய்யாகிட்டச் சொல்லிப்புடாதீங்க தம்பி. பள்ளிக்கூடம் பக்கத்தூருக்குப் போயிரும்.”

மண் பார்க்கக் குழி தோண்டச் சொன்னீர்கள். பழைய குளம் இருந்த பக்கத்தை விட்டு, மேட்டோரமாகத் தோண்டிக் காட்டினார்கள். செம்மண் கெட்டியாக இருந்தது. நீங்கள் நம்பினீர்கள். நான் நோட்டை மூடிக்கொண்டேன்.

பள்ளி திறந்த முதல் ஐப்பசியில் வடக்குச் சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல். தகவல் கிடைத்ததும் வந்துவிட்டீர்கள். விரிசலின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சுண்ணாம்பால் ஒட்டி, சுவர் அசைந்தால் இது உடையும் என்றீர்கள். அய்யா செவத்துக்கு நாடி பாக்குறாரு என்று கொத்தனார் சிரித்தார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் கண்ணாடி இரண்டாகியிருந்தது. சுவரடியில் தோண்டச் சொன்னீர்கள். கறுப்புச் சேறு வந்தது, அதற்குள் நத்தை ஓடுகள். ஒன்றைக் கையில் எடுத்து ஊர்த்தலைவரைப் பார்த்தீர்கள். பிறகு என்னை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினீர்கள்.

“என் கணிப்புத் தப்புன்னு எழுதுங்க. ஊரு மறைச்சுச்சுன்னு வந்தா, இந்தப் புள்ளைகளுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் யாரும் தரமாட்டாங்க.”

உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போய், அப்படியே எழுதினேன். அடுத்த வாரம் மழையில் வடக்குச் சுவர் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை. மேட்டு நிலத்தில் வேறொருவர் புதிய பள்ளி கட்டினார். இந்த மாவட்டத்தில் உங்களை மறுபடி யாரும் அழைக்கவில்லை.

உங்களைப் பற்றிய பழைய செய்திகளை அலுவலகத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, உங்கள் கணிப்புத் தவறு என்று நான் எழுதியதுதான். இன்றைய செய்தியில் ஊருணியை எழுதிவிட்டேன், எனக்குத் தெரிந்திருந்ததையும் சேர்த்து. ஆசிரியர் அச்சிடுவாரா, தெரியவில்லை.

போன வாரம் வேறோர் ஊரில் ஒரு கட்டடத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். முன்பு இந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த முறை நான் நோட்டை மூடவில்லை.