ஜன்னலைத் திறந்தது யார்?

மார்ச் 4

சிடுமூஞ்சி சாருக்கு,

வாயாடி எழுதுகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். சான்றுப் பொருள் கிடங்கில் சௌக்கியமா? உங்கள் இடத்துக்கு வந்திருப்பவர் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். சண்டை போட ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது.

படச்சட்டக்காரர் கொலை வழக்கு என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பட்டறைக்குள் உளியால் குத்துப்பட்டுக் கிடந்தார். வார்னிஷ் பூசும்போது தூசி வராமலிருக்க உள்ளே பூட்டிக்கொள்வது அவர் வழக்கம். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. கதவை உடைத்து முதலில் உள்ளே போனவர் தொழில் கூட்டாளி. மீதி இருப்பது பின்ஜன்னல்தான். விசாரணைக்கு நான் உள்ளே வந்தபோது அது திறந்திருந்தது; எனக்கு முன்பே நீங்கள் உள்ளே நின்றிருந்தீர்கள். சம்பவ இடத்தில் கால் வைத்ததும் ஜன்னலைத் திறப்பது உங்கள் பழக்கமாயிற்றே! "சார், ஜன்னல எதுக்குத் திறந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். "ஆமா மேடம், மூடித்தான் இருந்துச்சு" என்றார் கூட்டாளி. மேலே புகார் போனது, நீங்கள் கிடங்குக்குப் போனீர்கள்.

கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் மிஞ்சுவது மனைவியிடமுள்ள இன்னொரு சாவி. அந்த அம்மாவை உள்ளே வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை குற்றப்பத்திரிகை. "நான் செய்யலம்மா. நீங்களாவது நம்புங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் நம்புகிறேன். ஆனால் பூட்டிய அறைக்குள் வேறு யார் போயிருக்க முடியும்?

இப்படிக்கு,
வாயாடி

மார்ச் 6

வாயாடிக்கு,

நலம். கரப்பான்பூச்சிகள் உங்களைவிடக் குறைவாகப் பேசுகின்றன.

ஜன்னலை நான்தான் திறந்திருப்பேன். நினைவில்லை. நாற்றம் தாங்காமல் கை தானாகப் போய்விடும். பழி என்மேலேயே இருக்கட்டும். அந்த அம்மாவைக் கவனியுங்கள். அன்று என் ஜலதோஷத்தை உங்களுக்கு ஒட்டவைத்ததற்கும் சேர்த்தே திட்டிவிடுங்கள்.

சிடுமூஞ்சி

மார்ச் 8

சார்,

நீங்கள் திறக்கவில்லை!

ஜலதோஷம் என்று படித்ததும் துள்ளி எழுந்தேன். வார்னிஷ் நெடியில் அன்று எனக்குக் கண்ணே எரிந்தது. நீங்களோ, "வார்னிஷா? எனக்கு ஒரு வாசனையும் தெரியலையே" என்று தும்மினீர்கள். மூக்கடைத்த மனிதர் எந்த நாற்றத்துக்காக ஜன்னலைத் திறப்பார்? நான் கத்தியது சரிதான், ஆள்தான் தப்பு. நீங்களும் பெரிய தியாகி மாதிரி தலையைக் கொடுத்துவிட்டீர்கள்.

நமக்கு முன்பே ஜன்னல் திறந்திருக்கிறது. வாசலில் கடைத்தெருக் கூட்டம்; அதனால் கொலைகாரன் பின்சந்து வழியாகப் போயிருக்கிறான். அப்படியானால் மூடியிருந்தது என்று கூட்டாளி ஏன் சொன்னார்? நான் அல்வாவாக எடுத்து நீட்டிய பொய்யைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்!

வாதம் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். ஜன்னலடியில் காயவைத்த படச்சட்டம் ஒன்றில் செருப்புத் தடம் இருந்தது. நம் ஆட்கள் மிதித்தது என்று ஒதுக்கினோம். அது உங்கள் கிடங்கில்தான் இருக்கிறது. உடனே பாருங்கள்.

வாயாடி

மார்ச் 9

வாயாடிக்கு,

பார்த்தேன். தடம் வார்னிஷுக்குள் பதிந்து காய்ந்திருக்கிறது. ஈரமாக இருந்தபோது மிதித்தது. கதவை உடைக்கும் முன்பே அது காய்ந்துவிட்டதாக அன்றைய பரிசோதனைக் குறிப்பு சொல்கிறது. குதிகாலில் பிறை வடிவ ஒட்டு தெரிகிறது. கூட்டாளியின் செருப்பைக் கைப்பற்றுங்கள். சட்டத்தோடு நாளைக் காலை வண்டியில் நானே வருகிறேன்.

என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு யோசித்து வெகுகாலமாயிற்று. சந்தோஷமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சிடுமூஞ்சி

மார்ச் 11
(உங்கள் மேசைமேல்)

சார்,

நேற்று சட்டத்தைக் கொடுத்த கையோடு ஓய்வறைக்குப் போய்க் குறட்டை விட்டீர்கள். அதற்குள் கதை முடிந்தது. ஒட்டுப் போட்ட செருப்பைச் சட்டத்தின் மேல் வைத்ததும் கூட்டாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். படச்சட்டக்காரரே அவரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினாராம்; பட்டறையை விற்கலாம் என்றாராம் இவர், படச்சட்டக்காரர் மாட்டேன் என்றாராம், கையில் உளி இருந்ததாம். இன்று காலை அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "அந்தத் தும்மல்காரருக்கு நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

உங்கள் மாற்றலை ரத்து செய்யச் சொல்லி நானே மேலே போய்ச் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். தலையாட்டியைக் கிடங்குக்கு அனுப்பியாயிற்று. உங்கள் மேசை இனி ஜன்னலோரம். மழைச் சாரல் அடிக்கிறது. திறந்தீர்களோ, கையை ஒடிப்பேன்.

வாயாடி