மிஸி கேட்டது அவளை

செவ்வாய், இரவு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று கிளினிக்கில் என் மனைவி பார்வதியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

அவளுடைய இனிப்புநீர் நோய்க்கு மருந்து வாங்கத்தான் போனோம். அங்குள்ள தாதி, மிஸி, கேள்விகள் அச்சிட்ட ஒரு பாரத்தை எடுத்துக் கேட்டார். “ஆன்டி, இந்த ரெண்டு வாரமா மனசு சோர்வா இருக்கா? தூக்கம் வருதா?”

“தூக்கமா? இவ குறட்டைக்குப் பயந்து பக்கத்து வீட்டு நாயே ஓடிப்போச்சு லா, மிஸி!”

மிஸி சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்தார். பார்வதியும் சிரித்தாள்.

காரில் ஏறியதும் சொன்னாள். “நான் தூங்கி மூனு மாசமாச்சுங்க. எதுக்கு எழுந்திரிக்கணும்னு தோணுது. இன்னிக்குச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்.”

“ஏன் சொல்லல?”

“எல்லாரும் சிரிச்சிட்டீங்களே.”

அவள் சமைக்காமல் படுத்திருந்த நாளெல்லாம் ‘மகாராணி’ என்று கேலி செய்தவன் நான்தானே.

நாளைக்கே திரும்பப் போகிறோம். புதுப் பாரம் கேட்டு வாங்கி அவளே படித்து நிரப்பட்டும். நான் வெளியே நிற்கிறேன்.

இதை அவளிடம் சொல்லக் கட்டிலில் உட்கார்ந்தேன். அவளுடைய மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டேன். வலது பக்கம் உடைந்துவிட்டது. இடது பக்கம் நன்றாக இருக்கிறது.