ஆனி என்று எழுதிவிட்டேன்

31-1-1957, வியாழன்

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. செல்லையாவின் கடிதத்துக்கு இன்று பதில் எழுதிவிட்டேன். எழுதியதுதான் உறுத்துகிறது.

அவன் என் பள்ளித்தோழன், கோழிக்கோட்டில் கொப்பரைக் கம்பெனியில் இருக்கிறான். லட்சத்தீவுக்குப் போகும் ஓடத்தில் என்னையும் கூட்டிப்போகிறானாம். அங்கே பவளப்பாறை வளையத்துக்குள் கடல் குளம் மாதிரி நிற்குமாம். முங்கினால் அடிமணல் தெரியுமாம். "ஏலக்காய் பறிப்பு முடிந்ததும் பங்குனியில் வா. ஆனியில் மழைக்காற்று, ஓடமே ஓடாது" என்று எழுதியிருந்தான். கூட்டிப்போ என்று பல வருஷமாக நச்சரித்தவன் நான்தான். கிணற்றில் முங்கி அடிமண்ணை அள்ளிவருவேன் என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான்.

காலையில் எங்கள் சிலமலைத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு செம்பைப் போட்டுவிட்டு, அதை எடுக்க முங்கினேன். பாதி ஆழத்திலேயே காது குத்தியது, நெஞ்சு அடைத்தது. வெறுங்கையோடு மேலே வந்தேன். கிணற்றுப் படியில் நின்ற என் மனைவி ராசாத்தியிடம், "தண்ணி ஒரே கலங்கலா இருக்கு" என்றேன். அவள் துண்டை எடுத்து நீட்டினாள்.

ராத்திரி சோறு போடும்போதுதான் கேட்டாள்.

"எந்த மாசம் வர்றேன்னு எழுதுனீக?"

"ஆனி. மழையில தோட்டத்துச் சோலி கம்மி."

"ஆனியில ஓடம் ஓடாதுன்னுல்ல அந்தண்ணே எழுதியிருந்தாக?"

அவள் கடிதத்தைப் படித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன். ரசத்தை ஊற்றிவிட்டு அவளே சொன்னாள்:

"செம்பு அடியில பளபளன்னு கெடந்துச்சு. படியில நின்ன எனக்கே தெரிஞ்சுச்சு."