ஒரே பெயர்க்காரர்கள்

மார்ச் 2, ஞாயிறு

பத்திரிகையில் என் இந்த வாரப் பத்தி வந்துவிட்டது. ஒரே குடும்பப் பெயர், மூன்று பிரபலங்கள். தங்கப் பதக்கம் வாங்கிய குத்துச்சண்டைக்காரர், குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர், வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுச் சிறையில் ஓவியம் கற்றுக்கொண்டு அதிலும் பெயர் வாங்கியவர். மூவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. காலையிலேயே ஒரு வாசகர் போன் பண்ணி, "கொள்ளைக்காரருக்குக் குத்துச்சண்டைக்காரர் சித்தப்பாதானே?" என்றார். இல்லைங்க என்றேன். "இருக்கும்ங்க, ரெண்டு பேர் மூக்கையும் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

ஏழு வருஷமாக ஞாயிறுதோறும் இதே பிழைப்பு. பெயர் ஒன்றாக இருந்தால் குடும்பமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஜனங்களுக்கு அப்படி என்ன ஆசையோ!

வீட்டுக்காரர் படித்துவிட்டு, "கடைசிப் பாரா நல்லா இருக்கு" என்றார். அதே பத்திரிகையில் முதல் பக்கத்துக்கு இவர்தான் பொறுப்பு. இவர் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' வருவதெல்லாம் அத்தி பூத்த மாதிரி. நாள் முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தேன். வெட்கமில்லாத ஜென்மம்.

மார்ச் 5, புதன்

பழைய நடிகை மதியம் காலமானார். பெரிய மனிதர்களின் இரங்கல் குறிப்பை அவர்கள் திடமாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். நடிகையுடையதை எழுதியது நான்தான். தேதியும் ஆஸ்பத்திரி விவரமும் மட்டும் சேர்த்தேன். குடை பிடித்தபடி நிற்கும் படத்தை வைத்தேன். மங்கல் படம்தான். ஆனால், "இதுல மட்டும்தான் நான் நடிக்கல" என்று அவரே ஒரு தடவை என்னிடம் சொன்ன படம். வீட்டுக்காரர் மேஜைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

முதல் பக்கப் படத்தில் இருப்பது நடிகை இல்லை. பாடகி. உயிரோடு இருக்கிற பாடகி! இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஏறக்குறைய ஒரே வயது. ஐம்பது வருஷமாக ஊரே அக்கா தங்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இல்லை, இல்லை என்று நானே இரண்டு தடவை பத்தியில் எழுதியிருக்கிறேன். கீழே என் பெயர், மேலே அந்தப் படம்.

ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். "படம் யார் வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "அவங்க அனுப்பின படம்தான் சார். நான் சரிபார்க்காம விட்டது என் தப்பு."

அவங்க. வீட்டில் 'ஏய்'. அங்கே 'அவங்க'.

குடைப் படம்தான் வைத்தேன் என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் பார்த்தால் பக்கத்தில் கடைசியாக வைத்த படம் மட்டும்தான் நிற்கும், முன்னால் வைத்தது போய்விடும். எதைக் காட்டி நிரூபிக்க? ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே பெயர்க்காரங்களப் பத்தி எழுதறவங்களே இப்படிக் குழம்பினா, வாசகன் என்னம்மா பண்ணுவான்?"

மார்ச் 7, வெள்ளி

பத்தியை நிறுத்திவிட்டார்கள். இனி எனக்கு வானிலையும் தேர்வு முடிவுகளும்.

வருத்தம் தெரிவித்து நாலு வரி போட்டிருக்கிறார்கள். 'எங்கள் பத்தி எழுத்தாளரின் கவனக்குறைவால்.' இந்த ஊரில் பத்தி எழுத்தாளர் என்றால் யார் என்று பூனைக்குக்கூடத் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

பத்தி இல்லாத ஞாயிறு.

மகளைப் பள்ளியில் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். "உங்க அம்மா பாடகியக் கொன்னுட்டாங்களாமே." பதினாலு வயது. அழுதுவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். "பரவாயில்லம்மா. எல்லாருக்கும் மறதி வரும். அப்பா சொன்னார், உனக்கு இப்பல்லாம் தூக்கம் சரியில்லன்னு."

அவர் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நாரெல்லாம் எடுத்து ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குடைப் படத்தை எடுத்தேனா, எடுப்பதாக நினைத்தேனா? நாற்பத்தேழு வயதில் இப்படி ஆகுமா? அம்மாவுக்கு ஆனது.

மார்ச் 12, புதன்

நேரில் போய் மன்னிப்புக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பாடகி வீட்டுக்குப் போனேன். கதவை அவரே திறந்தார். கூனல் விழுந்த சின்ன உருவம், கண் மட்டும் ஊசி மாதிரி.

"வாம்மா. செத்தவளப் பாக்க வந்தியா? உள்ள வா, நல்லாத்தான் இருக்கேன்."

அழுதுவிட்டேன். அவர் சிரிக்கிறார்! "ஏன் அழற? படம் அம்சமா இருந்துச்சு. எழுத்தும் நல்லா இருந்துச்சு, ஆனா எல்லாப் புகழும் அவளுக்கு. உயிரோட இருக்கும்போதுதான் என் மாலையெல்லாம் அவ கழுத்துக்குப் போச்சு, சாவுலயாவது என் மூஞ்சி வந்துச்சே."

என் தவறுக்கு மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"உன் தவறா? உங்க வீட்டுக்காரர் வேற சொன்னாரே."

அன்று விடிந்ததும் பேப்பரைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்கு அவரே போன் பண்ணியிருக்கிறார். எடுத்தது இவர். ஆமாம், அன்றைக்கு நான் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். "குரல் நடுங்குச்சும்மா, பாவம். 'அம்மா, என் தப்பு, பழைய படம் மங்கலா இருந்துச்சு, பெருசாப் போடலாம்னு அந்தப் பேர்ல தேடி நான்தான் மாத்தினேன், மன்னிச்சுடுங்க'ன்னார். போனா போகுது தம்பின்னேன்."

கையிலிருந்த காப்பியைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. அவரே வாங்கி வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்போ எனக்கு மறதி இல்லை. இல்லை. இல்லவே இல்லை. அந்த ஒரு நிமிஷ நிம்மதிக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்து இடித்தது. விடிகாலையில் அந்நியருக்கு உண்மையைச் சொன்ன மனுஷன், மூன்று மணி நேரம் யோசித்துவிட்டுப் பெண்டாட்டியைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். பதறினபோது நல்லவர். யோசித்த பிறகுதான் இப்படி.

மார்ச் 13, வியாழன்

கேட்டுவிட்டேன். நேற்றே கேட்டிருப்பேன், மகள் தூங்கவில்லை. இன்று அவள் பள்ளிக்குப் போனதும், அவர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

மறுக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். ஒரு ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். "உனக்குப் போனா ஒரு பத்தி. எனக்குப் போனா பதவி. அடுத்த மாசம் துணை ஆசிரியர் யாருன்னு முடிவு பண்றாங்க. நீயே சொல்லு, குடும்பத்துக்கு எது நல்லது? நீயும் நானும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா பழி மட்டும் ஏன் என் தலையில?"

"கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க."

"எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு ஒரு வாரமாப் பயந்து செத்தேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்களே!"

ஷூ கயிற்றைக் கட்டினார்.

கூடவே படுத்து, கூடவே சாப்பிட்டு, நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே. சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கழுத்து நிஜமாகவே வலிக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஆபீஸ் எக்கேடோ கெட்டுப் போகட்டும். ஒன்றே ஒன்று கேட்டேன்: மகளிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். நான் சொன்னால் அது கோள். நீங்கள் சொன்னால்தான் உண்மை.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார்.

இன்று ஞாயிறு. மதியம் வரைக்கும் காரைக் கழுவினார்.

மார்ச் 18, செவ்வாய்

நாத்தனார் வந்தார். தம்பி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போல. அக்காவிடம் சொல்ல வாய் வந்திருக்கிறது, பெற்ற மகளிடம் வரவில்லை.

"புருஷனுக்காக ஒரு சொல்லு தாங்கிக்கக் கூடாதா? நான் எவ்வளவு தாங்கியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. அதான் உங்களப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. தலைவலியாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

துணை ஆசிரியர் ஆகிவிட்டார். வீட்டில் கேக். மகள் கையைத் தட்டினாள். நானும் தட்டினேன். தட்டாமல் என்ன செய்ய?

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆசிரியரிடம் நேராகவே போனேன். நடந்ததைச் சொன்னேன். பாடகியம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போனைத் தொடவில்லை.

"தெரியும்மா. கம்ப்யூட்டர்ல பக்கம் கட்டின பொண்ணு அன்னிக்கே சொல்லிடுச்சு, உங்க வீட்டுக்காரர்தான் படத்த மாத்தச் சொன்னார்னு."

"தெரிஞ்சுமா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர விட்டுக் குடுத்துத்தான் ஆகணும்னு இருந்துச்சு. உங்க வீட்டுக்குள்ள விஷயம், நீங்க பேசித் தீத்துக்குவீங்கன்னு நெனச்சேன். ஒரே குடும்பம்தானே!"

ஏழு வருஷம் எழுதிக் கிழித்திருக்கிறேன், ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் இல்லை என்று. என் ஆசிரியரே படிக்கவில்லை.

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டே வரி. மேஜையில் எடுத்துக்கொள்ள ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு அகராதியும்தான் இருந்தன.

ஏப்ரல் 13, ஞாயிறு

வேலையை ஏன் விட்டாய் என்று மகள் கேட்டாள். சலிப்பு என்றேன். நம்பவில்லை. "அந்தப் படத்த நீதான் மாத்தி வச்சியா?"

"அப்பாவக் கேளு."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "அப்பா, அந்தப் படத்த யார் மாத்தினது?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "சொல்லிட்டியா?"

குழந்தை தம்ளரை வைத்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். மூன்று வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டதில்லை.

ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன், ஜெயித்த மாதிரி இல்லை. பாவி மனுஷா, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமே. ஒரே ஒரு ஞாயிறு நீயாகச் சொல்லியிருந்தால் நான் கூடவே இருந்திருப்பேனே.

மே 2, வெள்ளி

பாடகியம்மா வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம். "பாட்டுச் சத்தம் பொறுத்துக்குவேன்னா வா" என்கிறார். போகிறோம்.

மே 11, ஞாயிறு

வந்துவிட்டோம். இரண்டு அறை, ஒரு ஜன்னல். காலையில் கீழே சாதகம். ஸ்வரம் தப்பினால் பாடகியம்மா தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார்.

வீட்டுக்காரர் பெட்டிகளைத் தூக்கிக் கொடுக்க வந்தார். வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வேறொரு வாரப் பத்திரிகையில் பத்தி மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை கல்யாணத்துக்கு முந்தைய என் பெயர், அப்பா வீட்டுக் குடும்பப் பெயர். அந்தப் பெயரில் ஒரு கால்பந்து ஆட்டக்காரர் இருக்கிறார், உலகத்துக்கே தெரியும். காலையிலிருந்து போன் விடவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அவருக்கு நீங்க என்ன முறை?

மூன்றாவது போனை மகள் எடுத்தாள். "ஒரு முறையும் இல்லைங்க. அது எங்கம்மாவோட சொந்தப் பேரு" என்று சொல்லி வைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பள்ளிக்கூடத்துல நானும் அந்தப் பேரையே குடுத்துடட்டுமா? அப்பா பேரு வேண்டாம்."

ஐந்து மாதமாக மனசுக்குள் இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். கிடைத்ததும் சந்தோஷம் வரவில்லை.

"அப்பாவுக்குப் போன் பண்ணு. அவர்கிட்ட முதல்ல சொல்லிடு" என்றேன். "அவருக்குத் தெரியாம எதையும் மாத்த வேண்டாம்."

பண்ணினாள். அடுத்த அறையில் அவள் பேசுவது கேட்டது. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை போல. "அப்பா? அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.