நண்டுக்குப் பின்னிய கயிறு

என் செல்லத் தம்பி ஏழுமலைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நம்புகிறாயா? யாரையும் எழுதச் சொல்லவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டியில் நான் வாட்ச்மேனாக இருக்கும் இரும்புக் கம்பெனிக்குப் பக்கத்தில் சாயந்தரம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். எட்டு மாதமாகப் போகிறேன். ஒரு வரி எழுதி முடித்தால் பெரிய கொடுவா மீன் மாட்டின மாதிரி சிரிப்பு வருகிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகக்கூட இருக்கிறது.

உனக்கு எழுத உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

உனக்கு மனசு பேதலித்த பிறகு நீ சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. "அண்ணா, வயித்துல நண்டு பூந்துக்கினு கிள்ளுதுண்ணா" என்பாய். பழவேற்காட்டு ஏரியில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன நினைப்பு வரும் என்று நானும் சிரித்தேன். உன் வேட்டியில் ரத்தத்தைப் பார்த்த அன்றுதான் பயந்தேன்.

பொன்னேரி டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடலில் புண், ஒரேயடியாகத் தீராது, வந்து வந்து போகும் என்றார். மனசுக்கான மாத்திரை, குடலுக்கான மாத்திரை, இரண்டையும் விடக்கூடாது என்றார். "ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போறாரு, எப்போ ரத்தம் வருதுன்னு எழுதிக்கினு வாங்க."

எழுதுவதா? நானா? வலை பின்னும் நூலைத்தான் எடுத்தேன். நீ ஒரு தடவை வெளியே போனால் ஒரு முடிச்சு. ரத்தம் வந்தால் முடிச்சில் சிவப்பு நூல். பொழுது விடிந்தால் ஒரு விரல் இடைவெளி.

"இன்னாண்ணா பண்ற?" என்று கேட்டாய்.

"நண்டுக்கு வலைடா."

சும்மா சொன்னது. நீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். அன்றிலிருந்து நீயே வந்து சொல்வாய்: "போட்டுக்கோ, ரெண்டு. ஒண்ணு செவப்பு." கஞ்சியைத் தள்ளிவிட்டால், "துன்னாதான்டா வலை நீளும்" என்பேன். சாப்பிடுவாய். மாத்திரையும் அப்படித்தான். டாக்டரம்மா கயிற்றை விரலால் தடவிப் பார்த்து மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். "உங்க அண்ணன் கையெழுத்து நல்லாகீது" என்று நம் பேச்சிலேயே உன்னிடம் சொன்னார். ஒரு முழத்துக்குச் சிவப்பே இல்லாமல் ஓடியது. நினைவிருக்கிறதா?

பிறகு மனசு மறுபடி முறிந்தது. என்னையே யாரென்று கேட்டு அடிக்க வந்தாய். பட்டணத்தில் மனநோயாளிகளை வைத்துப் பார்க்கும் ஒரு விடுதிக்கு ரயிலேற்றிக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் கயிற்றை மட்டும் விடவில்லை நீ. உன் குடல் நோயைப் பற்றி டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டுக் கூரையில் செருகியபடியே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. கயிற்றில்தான் எல்லாம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

வாசலில் இருந்தவர் கயிற்றைப் பிடுங்கினார். "கவுறு, பெல்ட்டு எதுவும் உள்ள வரக்கூடாதுப்பா. கழுத்துல மாட்டிக்கினா யாரு பதில் சொல்றது?" அவர் சொன்னதும் தப்பில்லை.

"நைனா, அது கவுறு இல்ல. அவன் வயித்து சமாச்சாரம். படிச்சிப் பாக்கச் சொல்லு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா, ரெண்டு பேருமே உள்ள வரீங்களா?"

நீ உள்ளே, "என் வலையைக் குடு, நண்டு கிள்ளுது" என்று கத்தினாயாம். பைத்தியம் முற்றிவிட்டது என்று தூங்க ஊசி போட்டார்களாம். பதினோராம் நாள் உன்னை வெள்ளைத் துணியில் கொடுத்தார்கள். கயிற்றைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். நண்டு என்றால் ரத்தம் போகிறது என்று அர்த்தம். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உன் சட்டையில் குத்தியிருந்தால் நீ இருந்திருப்பாயா? பத்து வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு லோகம்மாள் தன் மகளை அதே இடத்துக்குக் கூட்டிப் போகக் கிளம்பினாள். "வயித்துல அடுப்பு எரியுதுன்றா மாமா. பைத்தியப் பேச்சு" என்றாள்.

"எப்போலேர்ந்து எரியுதுன்றா? ரத்தம் வருதா?" என்று கேட்டேன். லோகம்மாள் முகம் மாறிவிட்டது. வருகிறதாம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லையாம்.

உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது போய்விட்டது. கடைசி வரி இது: "இவள் அடுப்பு என்று சொன்னால் தயவு செய்து வயிற்றைப் பாருங்கள்." நானும் கூடப் போனேன். வாசலில் இப்போது வேறொருவர். காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார், உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் அதைக் கையில் பிடித்தபடியே வந்து, "இதை எழுதினது யாரு?" என்றார். நான்தான் என்று கையைத் தூக்கினேன், தம்பி.

உன் கயிற்றை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளைக்குப் பத்து முடிச்சு. அவிழ்க்க மாட்டேன். எங்கள் தெருவிலிருந்து இனி யாரும் அந்த வாசலுக்கு வெறும் வாயோடு போக விடமாட்டேன். நோயாளி சொன்ன சொல்லையே எழுதுவேன், அதன் அர்த்தத்தைப் பக்கத்தில் எழுதுவேன்.

உன் நண்டை நம்பத் தாமதித்த
அண்ணன் முனுசாமி