வளைத்தால் ஒடியாதது

பிப்ரவரி 4, செவ்வாய்

மறுபடியும் நொறுங்கிவிட்டது.

நேற்று கண்ணாடித் தட்டில் பரப்பி ஓவனில் வைத்துவிட்டுப் போன பாலிமர்ப் பாகு, இன்று காலை பொன்னிறமாகக் காய்ந்து கிடந்தது. அவ்வளவு அழகு. தட்டைத் தூக்கிப் பிடித்து அதன் வழியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே எல்லாம் சாயங்காலம் மாதிரி தெரிந்தது. பிறகு பிளேடால் ஓரத்தைக் கிளப்பினேன். சருகாக உதிர்ந்தது.

எதிர் மேசைக்காரியும் இதே பாலிமரைத்தான் செய்கிறாள். அவளுடைய படலம் மட்டும் தோல் மாதிரி வளைகிறது. அவளுடைய வேகத்துக்கு லேபில் வைத்த பெயர் மின்னல். எனக்கு அவள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

"தூங்குமூஞ்சி, உன் தங்கத்தையெல்லாம் சீக்கிரம் கூட்டி அள்ளு. மேடம் வர்றாங்க."

அள்ளினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். இரண்டு பொடிகள். இரண்டிலும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு கைகள். இதன் கையை அது பிடிக்கும், அதன் மறுகையை இன்னொன்று பிடிக்கும். இரண்டும் சரிசமமாக இருந்தால் வரிசை நீளும் — குடுவையை விட்டு, லேப் கதவைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடம் வழியாகத் தெருவுக்கு. ஒரு பொடி கொஞ்சம் குறைந்தாலும் போச்சு. கடைசியில் நிற்பவன் கையை நீட்டிக்கொண்டே நிற்பான், பிடிக்க ஆள் இருக்காது. குட்டை வரிசைகளால் ஆன படலம் வளைத்தால் ஒடியும்.

என் வரிசை ஏன் லேப் வாசலைக்கூடத் தாண்ட மாட்டேன் என்கிறது? மின்னலைவிட எவ்வளவோ பொறுமையாக நிறுக்கிறேன். ஒரு துகள்கூட அதிகம் விடுவதில்லை. பிறகு என்னதான் வேண்டுமாம் அதற்கு?

பிப்ரவரி 12, புதன்

மேடம் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"நீ பொறுமையாத்தான் வேலை செய்யறே. ஆனா இங்க இருக்கிறதே நாலு மேசை. இந்த மாசக் கடைசிக்குள்ள வளையற படலம் ஒண்ணாவது வரணும். வரலைன்னா, படிச்சதை வெச்சு ஒரு அறிக்கை எழுதிக் குடுத்துட்டு முடிச்சுக்கோ. அடுத்த வருஷம் மேசையை வேற யாருக்காவது குடுக்கணும்."

சரி மேடம் என்றேன். வேற என்னத்தச் சொல்றது? எனக்கு இந்த மேசை வேணும். வேற எதுவுமே வேணாம். வகுப்பில் யாரைக் கேட்டாலும் வேலை, வெளிநாடு என்கிறார்கள். எனக்கு இருக்கிற ஆசையெல்லாம் இந்த ஒரு மேசை, குடுவைக்குள் காந்தத் துண்டைச் சுழற்றும் கலக்கியின் டொக் டொக் சத்தம், அந்த ஜன்னல். இதைக்கூட வாயைத் திறந்து அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 13

அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு, குடுவை கழுவுகிற சாக்கில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடு. அப்பா கடையில் புதுத் தட்டுகள் வெட்டிக் கொடுத்தார். ஜன்னல், அலமாரி, மேசை என்று ஊருக்கெல்லாம் கண்ணாடி வெட்டுகிறவர். என் படலங்கள் பிறப்பதும் நொறுங்குவதும் அவர் வெட்டிய கண்ணாடியில்தான். ஓரங்களைத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"கண்ணாடி மாதிரி தெரியணும், ஆனா வளைச்சா ஒடியக் கூடாது. அதானேம்மா?"

"ஆமாப்பா."

"நான் தொட்டதெல்லாம் ஒடியறதுதான். ஒடியாததை நீ கொண்டு வந்து காட்டு, அப்புறம் நம்பறேன்."

சிரித்தேன். மேசை போகப்போகிறது என்று சொல்லவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு. அம்மா என் தட்டை விரலால் தட்டினாள்.

"கனவு கண்டது போதும்டி. ஆறிப் போச்சு பாரு."

பிப்ரவரி 20, வியாழன்

என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பொடியை நிறுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் போலத் தராசின் கடைசி இலக்கம் அசைந்தது. நாலு. ஐந்து. எப்போதும் போலக் கரண்டி நுனியால் ஒரு துகளை வெளியே எடுத்தேன். நாலு. திருப்தி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, அந்த நாலைப் பார்த்தபடியே எங்கேயோ போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஆறு.

தராசுக்கு நடுக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நடுக்கம் என்றால் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும் அல்லவா? இது ஏறிக்கொண்டே இருந்தது. ஏழு. எட்டு. யாரும் எதையும் போடவில்லை. அம்மாவின் விரல் தட்டியது ஞாபகம் வந்தது. நான் கனவு காணும் நேரத்தில் தட்டில் இருப்பது சும்மா இருப்பதில்லை.

பொடி காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது!

குடிக்கக் குடிக்க எடை ஏறும். ஏற ஏற நான் பொடியை எடுப்பேன். தண்ணீரை வைத்துக்கொண்டு பொடியை வெளியே போட்டிருக்கிறேன், அதுவும் எவ்வளவு கவனமாக! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

மின்னலிடம் ஓடினேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நான் கொட்டுவேன், பார்ப்பேன், மூடுவேன். அது குடிக்கிறதுக்கு நான் எங்கடி நேரம் குடுத்தேன்?"

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். பொறுமைக்காரியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

பிப்ரவரி 21

பொடியை வெற்றிட அடுப்பில் உலர வைத்திருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

மின்னல் என் முதுகுக்குப் பின்னால் நின்று மிரட்டினாள். "கொட்டு. பாரு. மூடு. மூடுடீ!" மூடினேன். குடுவையில் சேர்த்தேன். கலக்கியைப் போட்டேன்.

மத்தியானம் திடீரென்று டொக் டொக் நின்றுபோனது. போச்சு, இருந்த ஒரு கலக்கியும் போச்சு — இப்ப நான் என்ன செய்வேன்? மூடியைத் தட்டினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன். பிறகுதான் குடுவையைப் பார்த்தேன். கலக்கிக்கு ஒன்றுமில்லை. உள்ளே பாகு அவ்வளவு கெட்டி, காந்தத் துண்டால் சுழல முடியவில்லை. சாய்த்தால், போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து நகர்கிறது. வரிசை சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் வந்து, தானும் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார்.

"தட்டுல ஊத்து," என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 27, வியாழன்

தட்டை வெந்நீரில் அமிழ்த்தினேன். பிளேடுக்கு வேலையே இல்லை. ஓரம் தானாகக் கிளம்பியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியை விட்டு, முழுசாக, பொன்னாக மிதந்து வந்தது. எடுத்தேன். வளைக்கப் பயமாக இருந்தது.

"வளைடி," என்றாள் மின்னல்.

வளைத்தேன். இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டன. விட்டதும் நிமிர்ந்தது. மின்னல் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பொடி குடிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"சும்மா பாத்துட்டே இருந்தேன் மேடம்."

"பாத்துட்டே இரு. பொடியை மூடி வெச்சுட்டுப் பாரு." கதவருகே போய்த் திரும்பினார். "மேசையைத் துடைச்சு வெச்சுக்கோ. அடுத்த வருஷமும் உன்னதுதான்."

மார்ச் 2, ஞாயிறு

படலத்தில் ஒரு கீற்று வெட்டி எடுத்துப் போய் அப்பாவிடம் கொடுத்தேன். மேசை போக இருந்ததையும் இப்போதுதான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கண்ணை இடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வளைத்தார், சில்லு தெறிக்கும் என்பதுபோல. தெறிக்கவில்லை. பிறகு நாள் முழுக்க, ஆட்களுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பதும் நடுநடுவே சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து வளைப்பதுமாக இருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது கீற்றைக் கண்ணருகே பிடித்து, அதன் வழியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் தட்டை விரலால் தட்டினாள்.

"ஆறிப் போச்சுங்க."

"ஒடியலையே," என்றார் அப்பா, தட்டைப் பார்க்காமல்.